நிலாவரைப் பயிருக்கு வேண்டிய உஷ்ணமும் ஈரமும்

நமது மாநிலத்தின் தென் மாவட்டங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக அயல்நாடுகளுக்குச் செல்லும் மருந்துச் சரக்குகளுள் நிலாவரை முக்கியமானதாகும். இதன் இலையும் காயும் மலச்சிக்கலை நீக்கும் மருந்தாக உலகெங்கும் பயன்படுகின்றன. மேல்நாட்டு மருந்து நூல்களில் இச்சரக்கு திருநெல்வேலியின் பெயராலேயே வழங்கி வந்திருப்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

தென் மாவட்டங்களில் இதனை அவுரி என்றும் அழைப்பர். நீலச் சாயம் எடுக்கும் அவுரி வேறு செடி. ஆகையால் அடங்கலில் பயிரின் பெயரைப் பதிவு செய்யும் கிராம அதிகாரிகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஊரில், அடுத்தடுத்த புலங்களில் விளைந்த இலையில் ஒருவருடையது நல்ல விலைக்குப் போவதும், மற்றொருவருடையது கறுத்துப் போயிற்றென்று வியாபாரியால் தள்ளப்படுவதும் உண்டு. மண் ஒன்றே, விதையும் ஒன்றே. அங்ஙனமிருக்க இவ்வேறுபாடு எதனால் உண்டாகிறது? பெரும்பாலும் காலம் தவறி வந்த ஈரத்தினாலேயேயாம். ஆதலின் இப்பயிருக்கு எப்போது ஈரம் வேண்டும், எப்போது ஈரம் ஆகாது என்பதை விவசாயிகள் நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

சீதோஷ்ண நிலை

நிலாவரையின் பூர்வீகம் அரபு நாடும் சோமாலி நாடுமாகும். அந்நாடுகளின் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய செடியாதலால், இது நிழலில் செழிப்பதில்லை. 25 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள உஷ்ணம் இதற்கு மிகவும் ஏற்றது. உறைபனியைத் தாங்காது. பயிர்க்காலத்தில் 30 முதல் 40 சென்டிமீட்டர் மழை பரவலாகப் பெய்தால் போதுமானது. அதற்கு மேற்பட்ட மழை நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்யும்.

வேரடியில் தண்ணீர் தேங்கினால் செடி வெளிறி, விரைவில் மடிந்துவிடும். விடாத தூறலும் மூட்டமுமாக இருக்கும் நாட்களில் நாற்றழுகலும் இலைப்புள்ளி நோயும் தோன்றும். ஆகவே வடிகால் வசதியுள்ள செம்மண், சரளை கலந்த மண், மணற்பாங்கான நிலம் ஆகியவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிது உவர் இருப்பினும் பாதகமில்லை. ஆடு மாடுகள் இதனைப் பெரும்பாலும் மேய்வதில்லையாதலால், வேலியில்லாத புன்செய்க்கும் ஏற்றது.

விதைப்புக் காலம்

மானாவாரியாகப் பயிரிடுவோர் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் விதைத்துவிடுவது நலம். ஏக்கருக்குச் சுமார் 6 கிலோ விதை வேண்டும். விதையின் மேல்தோல் கடினமானது. எனவே பருமணலுடன் சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால் காற்றோட்டம் உண்டாகி இலைகளில் ஈரம் தங்காது.

முளைப்பதற்கும் இளஞ்செடி வேரூன்றுவதற்கும் ஈரம் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழை அதனைத் தந்துவிடும். விதைத்த இரண்டு மாதங்களில் முதற்பறிப்பு வரும். ஐப்பசியில் விதைத்தால், மழை ஓயும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் பறிப்பு அமையும். முன்கூட்டியே விதைத்தவரின் இலை கார்த்திகை மழையில் முற்றும்; அதனைப் பறித்தாலும் உலர்த்த வழியிராது. எனவே விதைக்கும் நாளை, பறித்து உலர்த்தும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானிக்க வேண்டும் என்பதே இப்பயிரின் முதல் விதியாகும்.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் நெல் அறுவடைக்குப் பின் மாசி, பங்குனியில் விதைக்கலாம். நான்கைந்து தண்ணீர் இலேசாகப் பாய்ச்சினால் போதும். அப்பயிரின் பறிப்பு வறண்ட கோடை நாட்களில் வருவதால் இலை நன்கு உலரும்.

பறிப்பும் உலர்த்தலும்

தடித்து, நீலம் கலந்த பச்சை நிறம் அடைந்த இலைகளையே பறிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காலைப்பனி முற்றும் உலர்ந்த பின்னரே வயலில் இறங்க வேண்டும். பனி ஈரத்துடன் பறித்துக் குவித்த இலை சில மணி நேரத்தில் சூடேறிக் கறுத்துவிடும்.

பறித்த இலையை அன்றே களத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில், காற்றோட்டத்தில் 7 முதல் 10 நாள் வரை உலர்த்துக. அடிக்கடி கிளறிவிடுக. கடும் வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துவிடும். இரவில் பனி படாதவாறு மூடுதலும், மழைக்குறி கண்டவுடன் கொட்டகைக்குள் சேர்த்தலும் அவசியம்.

உலர்த்தல் என்பது நீரைப் போக்குவது மாத்திரமன்று. இந்த இலையின் மருந்துச் சத்தாகிய சென்னோசைடு 1941ஆம் வருஷத்தில் ஸ்டோல் என்னும் விஞ்ஞானியாலும் அவருடைய துணைவர்களாலும் பிரித்தெடுக்கப்பட்டது. பச்சை இலையில் அச்சத்து பெரும்பாலும் வேறு உருவில் இருக்கிறது. 20 முதல் 50 டிகிரி வரையுள்ள மிதமான உஷ்ணத்தில் இலை மெல்ல உலரும்போதே அது சென்னோசைடாக மாறுகிறது. ஆகையால், அவசரப்பட்டு நெருப்புச் சூட்டில் வாட்டுவோர் தம் சரக்கின் குணத்தைத் தாமே கெடுத்துக்கொள்கின்றனர்.

இலையில் ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். இதனை அறிய ஓர் எளிய வழியுண்டு. ஒரு பிடி இலையைத் தனியே வைத்து நாள்தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை குறையாமல் நின்று, இலையின் நடுநரம்பு வளைத்தவுடன் ஒடியுமாயின் அதுவே தக்க பக்குவம். அதன்பின் சாக்குகளில் கட்டி, தரையில் படாமல் பலகையின் மேல் அடுக்குக.

முடிவுரை

ஆரம்பத்தில் ஈரம், பின்னர் வெயில், பறித்த பிறகு வறண்ட காற்று என்னும் இம்முறையை மறவாதிருப்போருக்கு நிலாவரை நஷ்டம் தருவது அரிது. உலர்த்தக் கொட்டகை இல்லாத சிறு விவசாயிகள் ஒன்றுகூடி, ஊருக்குப் பொதுவாக ஒரு கீற்றுக் கொட்டகை அமைத்துக்கொள்வது மிகவும் பயன் தரும். கிராம அதிகாரிகள் அதற்கு இடம் காட்டியும், மழை அறிவிப்புகளை உடனுக்குடன் தெரிவித்தும் உதவி புரிவார்களாயின், மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த இலை ஓர் இரவுத் தூறலில் வீணாகாமல் காக்கப்படும்.