பதினேழு மணி நேரப் பந்தயமும் ஐந்து நிமிடத் தொழுகையும்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ர் தொழுகை முடிந்து பொழுது புலரும் வேளையில், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தலைக்கவசம் அணிந்த மிதிவண்டிக்காரர்கள் சிலர் விரைந்து செல்வதைக் காண்கிறோம். வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே நான் நீண்ட நாள் எண்ணியிருந்தேன். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிறுவயதில் எங்கள் மதரஸாவில் என்னிடம் ஓதி, இப்போது சென்னையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் வந்து கேட்ட கேள்வி என்னைச் சற்று நிமிர்ந்து உட்கார வைத்தது.

"ஹஜ்ரத், கோவாவில் ஒரு பந்தயம். கடலில் நீந்தி, மிதிவண்டி ஓட்டி, அதன் பிறகு ஓட வேண்டும். காலையில் தொடங்கினால் பிற்பகல் வரை நீளும். லுஹரை என்ன செய்வது?"

பரிசு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். பரிசுப் பணம் தொழில்முறை வீரர்களுக்குத்தானாம். தம்மைப் போன்றவர்கள் கட்டணம் செலுத்தி ஓடுகிறார்களாம்; முடித்தால் கழுத்தில் ஒரு பதக்கம் அணிவிப்பார்களாம். அவ்வளவுதானா என்றேன். சிரித்துக்கொண்டார். அன்றிரவு முதல் இதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன்.

1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவில் இப்பந்தயம் பிறந்தது. நீச்சல்காரனா, ஓட்டக்காரனா, மிதிவண்டிக்காரனா, யார் உடல் வலிமை மிக்கவர் என்று நண்பர்களுக்குள் எழுந்த வாதத்தைத் தீர்க்க, அங்கு ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களையும் ஒரே நாளில் இணைத்துவிடலாம் என்றார் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி. அவருடைய மனைவி ஜூடியும் அதற்குத் துணைநின்றார். 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி பிடித்தது. 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதர் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தூரத்தைச் சொன்னால் நம்மவர்களுக்கு மலைப்பாக இருக்கும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், நீந்திக் கரையேறிய ஈரம் காயுமுன் மிதிவண்டியில் ஏறி, திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் சென்று திரும்ப வேண்டும். அவ்வாறு இரண்டு முறை சென்று வந்தாலும் 180 நிறையாது. இன்னும் கொஞ்சம் ஓட்ட வேண்டும். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு அதே விழுப்புரத்துக்குக் கால்களால் ஓட வேண்டும்! இளைஞர் குறிப்பிட்ட கோவாப் பந்தயம் இதில் சரிபாதி. 2019-இல் அங்கு முதன்முதலாக நடந்தது. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் மிதிவண்டி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரக் கெடு.

இதில் என்னைக் கவர்ந்தது தூரமன்று, ஓடுகிறவர்கள் யார் என்பதுதான். பெரும்பாலோர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள், கடை நடத்துகிறவர்கள், பிள்ளை பெற்றவர்கள். நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல், தம் ஐம்பதாம் வயதில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 15 மணி 19 நிமிடத்தில் முழுத் தூரத்தையும் முடித்தார். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வுப் பட்டம் பெற்ற அனு வைத்தியநாதன் என்ற நம் நாட்டுப் பெண்மணி, இதனினும் கொடிய 'அல்ட்ராமேன்' பந்தயத்தை 2009-இல் கனடாவில் முடித்தார். மூன்று நாள்களில் 10 கிலோமீட்டர் நீச்சல், ஏறத்தாழ 420 கிலோமீட்டர் மிதிவண்டி, 84 கிலோமீட்டர் ஓட்டம். அமெரிக்கக் கிறித்தவக் கன்னியாஸ்திரீ மடோனா பூடர் 2012-இல் அயர்ன்மேனை முடித்தபோது அவருக்கு வயது 82. இதைப் படித்த அன்று, நம் பள்ளிவாசல்களில் பின்வரிசை நாற்காலிகள் ஆண்டுக்காண்டு கூடிவருவது நினைவுக்கு வந்தது. நோயாளிகளைக் குறை சொல்லவில்லை. மார்க்கமே அவர்களுக்குச் சலுகை தந்திருக்கிறது. ஆனால் நாற்பத்தைந்து வயதில் ஸஜ்தாவுக்கு முழங்கால் மடங்காத நிலை நமக்கு ஏன் வந்தது?

தொழுகைக்கு என்ன வழி?

இளைஞரின் கேள்விக்கு வருவோம். இப்பந்தயங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடப்பதால் ஜும்ஆவைப் பற்றிய கவலை இல்லை. கோவாவில் அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ 12.20-க்கு லுஹர் நேரம் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்குகிறவர் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் மூன்று மணிக்குக் கரை சேர்வார். அஸருக்கு இன்னும் அவகாசம் இருக்கும். ஆகவே அரைத் தூரப் பந்தயத்தில் சிக்கலே இல்லை. முழுத் தூரமென்றால் லுஹர், அஸர், மஃக்ரிப் மூன்றும், தாமதமானால் இஷாவும் பந்தயத்துக்குள் வந்துவிடும்.

அங்கும் வழி அடைபட்டுவிடவில்லை. நம் ஊரிலிருந்து அத்தனை தொலைவு சென்று, ஓரிரு நாள் மட்டும் தங்குகிறவர் முஸாஃபிர். நான்கு ரக்அத் தொழுகைகள் அவருக்கு இரண்டாகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் அவர் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் சேர்த்துத் தொழுவதற்கு இடமில்லை. ஆனால் லுஹரை அதன் இறுதி நேரத்திலும் அஸரை அதன் தொடக்க நேரத்திலுமாக ஓரிடத்தில் நின்று தொழுதுகொள்ளலாம். பந்தய விதிகள் ஒருவர் ஓரமாக நிற்பதைத் தடுப்பதில்லை. கடிகாரம் மட்டும் நிற்காது. "பதினேழு மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தை அல்லாஹ்வுக்குக் கொடுக்க முடியாதென்றால் நீர் அந்தப் பந்தயத்துக்குப் போகவே வேண்டாம்" என்றேன். இளைஞர் ஹனஃபி, மனைவியின் ஊர் பரங்கிப்பேட்டை, ஷாஃபிஈ. இருவரும் என்னெதிரே புன்னகைத்துக்கொண்டனர்.

உடையைப் பற்றி அந்தப் பெண் கேட்டார். ஆண்களுக்கும் அவ்ரத் உண்டென்பதை நம் இளைஞர்கள் மறந்துவிடுகிறார்கள். முழங்கால் மறையும் உடையோடு ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. பெண்களைப் பொறுத்தவரை, ஈரானைச் சேர்ந்த ஷிரீன் கெராமியின் வரலாறு சிந்தனைக்குரியது. 2013 செப்டம்பரில் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த உலகப் போட்டியில், தலையும் உடலும் மறைத்த உடையோடு தம் நாட்டின் சார்பில் பங்கேற்றார். அதற்கு முன் எந்த ஈரானியப் பெண்ணும் இம்முப்பந்தயத்தில் தம் நாட்டுக்காக இறங்கியதில்லை. ஏற்ற உடையைத் தாமே தேடி வடிவமைத்து, தம் நாட்டு அதிகாரிகளிடம் பொறுமையாகப் பேசி இசைவு பெற்றார். 2016-இல் ஹவாய் முழுத் தூரத்தையும் முடித்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததும், முதல் முறை அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை பெருமானார் முந்தியதும் நாம் பயானில் கேட்டவைதாம். ஆனால் நம் தெருக்களில் பெண்கள் நடைப்பயிற்சிக்குப் போகவே தயங்குகிறார்கள்.

வீட்டின் பங்கு

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் என் வீட்டாருக்குத் தொலைபேசியில் பேசினார். ஞாயிறு விடியலில் போகிறவர் நண்பகலில் வருகிறாராம், வந்ததும் உறங்கிவிடுகிறாராம். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தந்தையின் மிதிவண்டியைத் தெரிந்த அளவு தந்தையைத் தெரியவில்லையாம். வண்டியின் விலையைக் கேட்டபோது எனக்கே நெஞ்சு திக்கென்றது. அந்தப் பணத்தில் நம் மதரஸாவில் எத்தனை பிள்ளைகளுக்கு ஓராண்டு உணவளிக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டதை மறைக்க விரும்பவில்லை.

இளைஞரை வரச் சொன்னேன். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற வரலாற்றை, அவர் ஓதிய வயதில் கேட்டதுதான் என்றாலும், மீண்டும் சொன்னேன். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபுத்தர்தாவை (ரலி) உண்ண வைத்து, உறங்க வைத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமை உண்டென்பதை ஸல்மான் (ரலி) உணர்த்தினார்கள். நபிகளாரும் (ஸல்) அதை உண்மைப்படுத்தினார்கள். இபாதத்திலேயே அளவு மீறக் கூடாதென்றால் மிதிவண்டி எம்மாத்திரம்? அத்துடன், புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். முகஸ்துதி எந்த வாசல் வழியாக நுழையும் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் கோபப்படவில்லை. சனி இரவே குடும்பத்தோடு விழுப்புரத்திலுள்ள தந்தை வீட்டுக்கு வந்துவிடுவது, ஞாயிறு ஃபஜ்ர் தொழுத கையோடு புறப்பட்டுத் திண்டிவனம் சென்று, ஒன்பதரை மணிக்குள் திரும்பிக் குழந்தையோடு காலை உணவுக்கு உட்காருவது என்று முறையை மாற்றிக்கொண்டார். ஓட்டப் பயிற்சியை வாரநாள்களில் அலுவலகத்துக்கு முன் முடித்துக்கொண்டார். மருத்துவரிடம் இதயப் பரிசோதனையும் செய்துகொண்டார். வெயிலில் வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஒன்றை இங்கு எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் ஏரியிலும் பாசனக் கிணற்றிலும் தனியே இறங்கிவிடக் கூடாது. நீச்சல் தெரிந்தவர் துணையோடு, பாதுகாப்பான குளத்தில்தான் கற்க வேண்டும்.

2024 அக்டோபர் 27 அன்று கோவாவில் அவர் 7 மணி 40 நிமிடத்தில் பந்தயத்தை முடித்தார், அல்ஹம்துலில்லாஹ். மிராமர் கடற்கரை ஓரம் ஒரு மரத்தடியில் துண்டை விரித்து லுஹரைத் தொழுததாகவும், ஸஜ்தாவிலிருந்து எழக் கால்கள் மறுத்ததால் அருகிலிருந்த மரத்தைப் பிடித்து எழுந்ததாகவும் கூறினார். மனைவியும் குழந்தையும் உடன் சென்றிருந்தனர்.

ஊர் திரும்பியதும் பெற்றோரோடு என்னைப் பார்க்க வந்தார். பதக்கத்தைக் குழந்தை கையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. தாயார் என்னைப் பார்த்து, "ஹஜ்ரத், இதோடு முடிந்ததா, அடுத்த வருடமும் உண்டா என்று நீங்களே கேளுங்கள்" என்றார். இளைஞர் தம் மனைவியைப் பார்த்தார்.

"விழுப்புரத்திலிருந்து போய் ஒன்பதரைக்குள் வந்துவிட்டால் எனக்குச் சம்மதம்" என்றார் அந்தப் பெண்.