நகரத்தின் கணக்கேடு

இயற்கைத் துறைமுகம் இல்லாத மணற்கரையில் கிழக்கிந்திய கம்பெனி ஏன் தன் வணிகத் தளத்தை அமைத்தது? சென்னையின் வரலாற்றைப் பயில்வோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இது. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. இத்தனை இடரிருந்தும் 1639-இல் பிரான்சிஸ் டே இவ்விடத்தைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம், சுற்றுவட்டாரத்தில் மலிவாகக் கிடைத்த துணி.

அந்த வணிகத்தின் கணக்கு நகரின் அமைப்பிலேயே எழுதப்பட்டது. 1640-இல் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளையர் நகரம். அதன் வடக்கே கறுப்பர் நகரம். துபாஷிகளும் வணிகர்களும் கைவினைஞர்களும் இன்றிக் கம்பெனியின் வணிகம் ஒரு நாளும் நடந்திராது. ஆயினும், மதிலின் பாதுகாப்பில் அவர்களுக்குச் சமபங்கு இல்லை. பழைய கறுப்பர் நகரின் கோட்டையை ஒட்டிய பகுதி பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களின்போது இடித்து அகற்றப்பட்டது. அவ்வாறு வெளியாக்கப்பட்ட நிலத்தில்தான் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது.

துணியின் தேவை பெருகவே, 1734-இல் நெசவாளர்களையும் நூற்போரையும் குடியேற்றச் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. கைத்தறி நெசவில் இல்லமே தொழிற்கூடம். வீட்டினுள் தறி, பாவு நீட்டுவதற்குத் தெரு. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். பவழக்காரத் தெரு, தங்கசாலைத் தெரு என்ற பெயர்களும் அன்றைய பொருளாதாரத்தின் எச்சங்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கணக்கு தலைகீழானது. லங்காஷயர் ஆலைத் துணி இங்கு வந்து குவிந்தது. 1858-இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் முடியரசுக்கு மாறியது. துணி வாங்க வந்த வணிகர்களுக்குக் கிடங்கும் மதிலும் போதுமாயிருந்தன. வரி வசூலித்து ஆண்ட பேரரசுக்கோ மாட்சிமை தேவைப்பட்டது. 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்களும் வளைவுகளும், தன்னை இந்திய மன்னர்களின் வாரிசாகக் காட்டிக்கொள்ள விழைந்த அரசின் மொழி.

இன்று நாம் பேரரசின் மாளிகைகளைப் பேணுகிறோம்; திண்ணையும் முற்றமும் கொண்ட வீடுகளை இழந்து வருகிறோம். இதற்கு உரிமையாளரை மட்டும் பழிப்பது முறையன்று. பழைய வீட்டைப் பராமரிக்கும் செலவு அவருடையது; அதனால் விளையும் பயன் ஊருக்குரியது. செலவு ஒருவருக்கும் பயன் பலருக்கும் என்ற நிலையில், இடிப்பதே இலாபமாகத் தோன்றும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். எனவே, பழுதுபார்க்க மானியம், சொத்து வரிச் சலுகை ஆகியவற்றின் மூலம் அச்செலவில் அரசும் மாநகராட்சியும் பங்கேற்க வேண்டும்.

ஆண்டவர்களின் கட்டடங்கள் மட்டுமே எஞ்சினால், அவர்களுக்குச் செல்வம் ஈட்டித் தந்த கைகளின் வரலாற்றுக்குச் சாட்சி இல்லாமற் போகும்.