வந்தானுங்க: ஒருவனா, பலரா?

கொங்கு வட்டாரத்து அந்தியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் 'வந்தானுங்க' என்று எழுதினால், சென்னையில் படிப்பவர் நாலைந்து பேர் வந்ததாகவும், அவர்களை எழுதியவருக்குப் பிடிக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்வார். கொங்குக்காரருக்கு வந்தவன் ஒருவன்தான். 'ஆன்' வந்தவனைச் சுட்டுகிறது. 'ங்க' கேட்பவருக்குத் தரும் மரியாதை. ஒரே வினைமுற்றில் எழுவாயும் இருக்கிறது, எதிரே நிற்பவரும் இருக்கிறார். இதை அகராதியைப் புரட்டி விளக்க முடியாது, தொடரியல்தான் விளக்கும். அந்தத் தொடரியலைக் கற்பிக்க மாணவர் கைப்பேசியில் ஓடும் வாக்கியங்களைவிட நல்ல பாடப்பொருள் இந்த வட்டாரத்தில் கிடைப்பது அரிது.

நூல்கள் இல்லாமல் இல்லை. தற்காலத் தமிழுக்குத் தாமஸ் லேமன் 1989-இல் எழுதிய இலக்கணம் இருக்கிறது. பேச்சுத்தமிழுக்கு ஹெரால்ட் ஷிஃப்மன் 1999-இல் எழுதியது இருக்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் என்பது ஒரு மனக்குறை. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி சொற்களைச் சேர்த்துத் தருகிறது. வாக்கியம் எப்படி முடிகிறது என்று சொல்வது அதன் வேலையல்ல. பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தொகுப்பு 600 தமிழ் வாக்கியங்களை எழுவாய், செயப்படுபொருள் என்று பகுத்துக் காட்டுகிறது. அத்தனையும் செய்தித்தாள் நடை. 2020-இல் வெளியான தமிழ்–ஆங்கிலக் கலப்புத் தொகுப்பில் 15,000-க்கும் மேற்பட்ட யூடியூப் கருத்துரைகள் உள்ளன. ஆனால் அவை பாராட்டா, வசையா என்ற அளவில் குறிக்கப்பட்டவை. ஒன்றில் பகுப்பு உண்டு, பேச்சு இல்லை. மற்றதில் பேச்சு உண்டு, பகுப்பு இல்லை.

இந்த இடைவெளியில் வகுப்பு என்ன செய்யலாம் என்பதற்கு, 'வீடியோ டெலிட் ஆயிருச்சுங்க', 'வீடியோவ டெலிட் பண்ணிப்போட்டனுங்க' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். தமிழில் 'அழிந்தது', 'அழித்தேன்' என்று வினைக்குள்ளேயே ஒலி மாறித் தன்வினையும் பிறவினையும் பிரிகின்றன. இரவல் சொல்லுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே 'ஆகு' ஒரு வேலையையும் 'பண்ணு' மற்றொன்றையும் ஏற்கின்றன. 'பண்ணு' வந்ததும் வீடியோவுக்கு இரண்டாம் வேற்றுமை ஒட்டிக்கொள்கிறது. 'டெலிட்டட் பண்ணினேன்' என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கில இறந்தகாலம் வாசலிலேயே நிற்கிறது. 'போட்டனுங்க' என்பதில் உள்ள 'போடு' கொங்கின் கைவரிசை. தமிழ் கெட்டுவிட்டது என்று புலம்புவோர் சொற்களை எண்ணுகிறார்கள்; வாக்கியத்தைப் பார்த்தால் அதை நடத்துவது தமிழ்தான்.

கொச்சையை வகுப்புக்குள் விடலாமா என்று கேட்கலாம். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறியை நன்னூல் தகுதி வழக்கில் வைத்து இலக்கணத்துக்குள்ளேயே இடம் கொடுத்திருக்கிறது. அதை இயற்றிய பவணந்தியார் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்பது கொங்குநாட்டார் கருத்து. அந்தியூரில் ஆடியில் கூடும் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தைத் தரகர்களின் பேச்சுக்குப் பொருந்தும் அந்த இலக்கணம் இளைஞர்களின் கைப்பேசிப் பேச்சுக்குப் பொருந்தாதா? நாளைக்கே மறையும் சொற்களைப் படிப்பது வீண் என்பது இன்னொரு வாதம். 'டெலிட்' போகலாம், அதைத் தாங்கும் 'ஆகு', 'பண்ணு' நிற்கும். தேர்வில் எழுத்துத்தமிழ்தானே கேட்பார்கள் என்பது நியாயமான கவலை. 'அழித்துவிட்டேன்' என்பதை 'டெலிட் பண்ணிப்போட்டேன்' என்பதன் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அதற்கும் வழி பிறக்கும்.

உண்மையான சிக்கல், வாட்ஸ்அப் குழுவில் எழுதியதெல்லாம் பொதுச்சொத்து அல்ல என்பதுதான். எழுதியவரின் இசைவோடு, பெயரையும் எண்ணையும் நீக்கி, ஊர், வயது, ஆண்டு மூன்றையும் ஓரத்தில் குறித்து நூறு வாக்கியம் சேர்த்தாலே ஒரு வகுப்புக்கு ஒரு பருவம் ஓடும்.