ஓடாத காரும் ஓயாத பேட்டரியும்

உழைத்தால் களைப்பு வரும், சும்மா இருந்தால் களைப்பு வராது என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணமும். காரின் பேட்டரிக்கு இது பொருந்தாது. தினமும் ஓடுகிற காரில் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கொட்டகையில் சும்மா நிற்கிற காரிலோ இரண்டே மாதத்தில் படுத்துவிடும். இது ஏன் என்பதையும், இதற்கு என்ன செய்யலாம் என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

இதில் எனக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. என் அம்மாச்சி திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார்கள். மாமாவுக்கு மஸ்கட்டில் வேலை. இராத்திரியில் அம்மாச்சிக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் உதவட்டும் என்று ஒரு கார் வாங்கி நிறுத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஓட்டத் தெரியும். சென்ற ஆண்டு மாமா விடுமுறையில் வந்து சாவியைத் திருகியபோது, 'டிக் டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. அவசரத்துக்கென்று வாங்கிய வண்டி அவசரத்துக்கு உதவாது என்பது அன்றுதான் வீட்டாருக்குத் தெரிந்தது.

1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே அமைத்த காரீயச் சேமக்கலமே இன்றைய கார் பேட்டரிக்கும் அடிப்படை. பெட்டிக்குள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும்; ஆறும் தொடராக இணைந்து, முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் கிடைக்கும். ஒரு வகைத் தகட்டில் காரீயம், இன்னொரு வகைத் தகட்டில் காரீய டை ஆக்சைடு, இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்க எடுக்க, இரு தகடுகளின் மேலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் மேலும் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்தால் படிந்தது கரைந்து அமிலத்துக்கே திரும்புகிறது. பேட்டரி கடைக்காரர் நீர்மானியை இட்டுப் பார்த்தே எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லிவிடுவதன் இரகசியம் இதுதான்.

சரி, ஓடாத காரில் மின்சாரத்தை எடுப்பது யார்? காரை அணைத்தாலும் அது முழுவதும் உறங்குவதில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் கருவி, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் விழித்தே இருக்கும். இவை சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. முப்பது நாளைக்கு 36 ஆம்பியர் மணி. சிறிய கார்களில் இருப்பதோ 35 ஆம்பியர் மணி பேட்டரிதான்! சொட்டுச் சொட்டாய்க் குடம் காலியாகிறது.

இணைப்பைக் கழற்றி வைத்தாலும் பேட்டரி தனக்குள்ளேயே மெதுவாகச் சார்ஜை இழக்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 5 சதவீதம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இருமடங்காகும். மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் காரின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது நம் நினைவில் உள்ளது. கோடை முழுவதும் நின்ற கார்கள் பல, தளர்வு வந்தபோது கிளம்ப மறுத்தது இதனால்தான்.

சார்ஜ் இறங்கியது மட்டும் என்றால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். உடனே ஏற்றினால் சரி. நாள் கடத்தினால்தான் ஆபத்து. புதிதாகப் படிந்த காரீய சல்பேட் மென்மையான சிறு படிகங்களாக இருக்கும். வாரக்கணக்கில் விட்டால் அவை பெரிதாகி இறுகிவிடும்; பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. உப்புத் தண்ணீர் காயவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை அன்றன்றே தேய்த்தால் போய்விடும், விட்டுவிட்டால் கல்லாகிவிடும் அல்லவா? அதுபோலத்தான். காலியாகவே கிடந்த பேட்டரியைக் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவது இதனால்தான்.

இதற்கு மருந்தாக, ஞாயிறுதோறும் காரைக் கிளப்பி ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது பல வீடுகளில் வழக்கம். அம்மாச்சி வீட்டிலும் அப்படித்தான். இதையும் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கிளப்புவதற்கு 150 ஆம்பியர் வீதம் மூன்று வினாடி எடுத்தால் செலவு 0.125 ஆம்பியர் மணி. நின்றபடி ஓடும் இன்ஜினிலிருந்து பேட்டரிக்கு 10 ஆம்பியர் வருவதாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் வரவு 0.8 ஆம்பியர் மணி. கிளப்பிய செலவு போக மிச்சம் சுமார் 0.7. ஆனால் 50 மில்லி ஆம்பியர் வீதம் அந்த வாரம் முழுவதும் கசிந்ததோ 8.4! ஐந்து நிமிடத்தால் ஊர்க்கடன் தீராது. வாரம் ஒரு முறை சாலையில் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் ஓட்டினால் பயன் உண்டு. மேலும், மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஓட்ட ஆளில்லை, பல மாதங்கள் யாருக்கும் கார் தேவையும் இல்லை என்றால், எளிய வழி பேட்டரியின் கறுப்பு வயரை, அதாவது எதிர்முனை இணைப்பைக் கழற்றி வைப்பது. முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். கறுப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. சிவப்பை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் காரின் இரும்பில் பட்டுவிட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். இன்னொன்று: பல கார்களில் டிக்கி மின்சாரத்தால்தான் திறக்கும். சாவியை உள்ளே வைத்து மூடிவிடாதீர்கள்.

அவசரத்துக்கென்று நிற்கும் காருக்கு இந்த வழி உதவாது என்பது என் கருத்து. நள்ளிரவில், வியர்த்துக் கொட்டும் நோயாளியை உட்கார வைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் ஸ்பேனரைத் தேடுவது யார்? அத்தகைய காருக்கு ஏற்றது ஆட்டோமேட்டிக் சார்ஜர். வீட்டு மின்சாரத்தில் செருகி, இரு கிளிப்புகளையும் பேட்டரியில் மாட்டிவிட்டால், முழுச் சார்ஜ் ஏறியதும் தானாகவே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, கசிகிற அளவை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். பழைய சாதாரண சார்ஜரை அப்படி மறந்துவிடக் கூடாது. அது நிறுத்தத் தெரியாமல் ஏற்றி ஏற்றித் தண்ணீரை வற்றச் செய்துவிடும். பேட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 35 ஆம்பியர் மணிக்கு 3.5 ஆம்பியர் வீதம் ஏற்றுவது நல்ல வேகம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் தீக்குச்சியோ, ஊதுவத்தியோ கூடாது. மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் தகடுகள் மூழ்கும்படி டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

வீட்டில் பார்க்க மல்டிமீட்டர் ஒன்று போதும். கார் சில மணி நேரம் நின்றபின், சார்ஜர் மாட்டியிருந்தால் கழற்றிச் சில மணி நேரம் கழித்து, அளக்க வேண்டும். 12.6 என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், உடனே ஏற்றுவது நல்லது, 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் கடைக்காரரைப் பார்க்க வேண்டியதுதான்.

முற்காலத்தில் இவ்வளவு கவலை இல்லை. அம்பாசடர் காரின் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே கிளப்பிவிடுவார்களாம். இன்றைய கார்களில் அந்த வசதி கிடையாது. தானியங்கி கியர் உள்ளவற்றைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்திருந்தேன். அங்கும் வேடிக்கையைப் பாருங்கள்: பெரும்பாலான மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரி நிறைய இருந்தாலும், அதை எழுப்பிவிடத் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது படுத்துவிட்டால் அந்தக் காரும் அசையாது.