புது இத்தாலியன் கடையில் முதலில் எதை வாங்கிப் பார்ப்பது?

சென்னையில் அடையாறு, அண்ணா நகர், ஓ.எம்.ஆர். பக்கமெல்லாம் சின்னச் சின்ன இத்தாலியன் கடைகள் திறந்துகொண்டே இருக்கின்றன. வெள்ளை மேசைவிரிப்பு, மெழுகுவர்த்தி ரகம் இல்லை. பத்து மேசை, கண்ணெதிரே அடுப்பு, கரும்பலகையில் எழுதின மெனு. செருப்பு போட்டுக்கொண்டு போய் உட்காரலாம். புதுசா ஒண்ணு திறந்தால் நான் போய்ப் பார்த்துவிடுவேன். "நல்லா இருக்கா?" என்று ஆபீஸில் கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. எப்படிச் சோதிக்கிறேன் என்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

விதி ஒன்றுதான். மெனுவில் எதில் பொருட்கள் மிகக் குறைவோ, அதை வாங்குங்கள். நாலு வகைச் சீஸும் பார்பிக்யூ சாஸும் கொட்டின பீட்சாவில் மாவு எப்படி இருந்தாலும் தெரியாது. புது மெஸ்ஸில் ரசத்தை வைத்துச் சமையல்காரரின் கையை எடை போடுவோம் இல்லையா, அதே கணக்குதான்.

பாஸ்தாவில் என் ரசம், ஆலியோ ஓலியோ. ஸ்பகெட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், கொஞ்சம் பார்ஸ்லி இலை. அவ்வளவே. இதில் சாஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. பாஸ்தா வெந்த தண்ணீரில் மாவுச்சத்து கரைந்திருக்கும், நம்ம வடிகஞ்சி மாதிரி. அதில் ஒரு கரண்டி எடுத்து, பூண்டு வதங்கிய எண்ணெயில் ஊற்றி, பாஸ்தாவையும் போட்டு விடாமல் குலுக்க வேண்டும். மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். அப்போதுதான் ஒவ்வொரு இழையிலும் பளபளவென்று ஒட்டும். தட்டு காலியானதும் அடியைப் பாருங்கள். எண்ணெய் தனியாகக் குளம் கட்டி நின்றால், காலையிலேயே வேகவைத்து வடித்து வைத்த பாஸ்தாமேல் எண்ணெயை ஊற்றித் தந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொரு தடயம், நேரம். காய்ந்த ஸ்பகெட்டி வேக எட்டு, பத்து நிமிஷமாவது ஆகும். ஆர்டர் கொடுத்த நாலாவது நிமிஷம் தட்டு வந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

காச்சோ எ பெப்பே மெனுவில் இருந்தால் இன்னும் கடினமான பரீட்சை. ரோம் நகரத்துப் பாஸ்தா இது. பெக்கொரினோ சீஸ், மிளகு, அந்தக் கஞ்சித்தண்ணீர், மூன்றே பொருள். சூடு கொஞ்சம் கூடினாலும் சீஸில் உள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகத் திரண்டுவிடும். இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதை ஆராய்ச்சியாகவே எடுத்துச் செய்து 2025-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் நிற்கும்; 1 சதவீதத்துக்குக் கீழே போனால் திரண்டுவிடும் என்று அளந்து சொன்னார்கள். அதே ஆண்டு அவர்களுக்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. சிரிக்க வைக்கிற பரிசுதான், ஆனால் ஆராய்ச்சி உண்மையானது. கடைக்காரர் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை, கைப்பழக்கம் போதும். தட்டில் வழவழவென்று வந்தால் உள்ளே இருப்பவருக்குக் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

பீட்சாவில் மார்கெரிட்டா. (1889-ல் இத்தாலிய ராணிக்காகச் செய்தது என்ற கதையை வரலாற்று ஆய்வாளர்களில் சிலர் ஏற்பதில்லை. அதைத் தனியாக எழுதணும்.) நேப்பிள்ஸ் பாணி பீட்சாவுக்கென்றே அந்த ஊரில் 1984-ல் ஒரு சங்கம் ஆரம்பித்து, மாவு முதல் அடுப்பு வரை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். 400 டிகிரியை ஒட்டிய அனலில் 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிட வேண்டும். நம் வீட்டு அவன் 250 டிகிரியில் மூச்சு வாங்குகிற ஜாதி. அந்தச் சூட்டில் விளிம்பு உப்பி, அங்கங்கே சிறுத்தைப் புள்ளி மாதிரி கருகும்; நடு மட்டும் ஈரமாக, மெத்தென்று இருக்கும். விளிம்பைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே ஒழுங்கில்லாத பெரிய ஓட்டைகள் இருந்து, லேசாகப் புளிப்பு வாசம் வந்தால் மாவு நிதானமாகப் பொங்கியிருக்கிறது. இட்லி மாவு பார்த்து வளர்ந்த மூக்குக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது எனக்கு வருத்தம் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். நான் மேலே நல்ல அடையாளம் என்று சொன்னதையெல்லாம் நம் ஆட்கள் குறை என்று எழுதுகிறார்கள். நடுவில் ஈரம் இருந்தால் "வேகலை". விளிம்பில் கரும்புள்ளி இருந்தால் "கருகிடுச்சு". பாஸ்தா பல்லில் லேசாகத் தட்டுப்பட்டால் "அரைவேக்காடு", ஒரு ஸ்டார். காய்ந்த பாஸ்தாவை அப்படித்தான் இறக்குவார்கள். இத்தாலியில் அந்தப் பதத்துக்கு வைத்த பேரிலேயே பல் இருக்கிறது. (முட்டை சேர்த்துப் பிசைந்த புதுப் பாஸ்தா இயல்பிலேயே மெத்தென்று இருக்கும், அது வேறு.) ஒரு கடையில் திறந்த புதிதில் ஆலியோ ஓலியோ அருமையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனால் பாஸ்தா குழைந்திருந்தது, மேலே கேட்காமலே சீஸ் தூவியிருந்தார்கள். விசாரித்தால், திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகமாம், வாடகை கட்டணுமே என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய கம்பெனிக் கடை பத்து ஒரு ஸ்டாரைத் தாங்கும். பத்து மேசைக்கடை தாங்காது.

இத்தாலிக்காரன் சொன்னதுதான் வேதம் என்று நான் சொல்ல வரவில்லை. மிளகாய்த்தூள் தூவிக்கோங்க, யாரும் தடுக்கப் போவதில்லை. உங்களுக்கு நன்றாக வெந்த பாஸ்தாதான் பிடிக்கும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம், செய்து தருவார்கள். பிடிக்கவில்லை என்பதும் தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. ரேட்டிங் பெட்டியில் எழுதுகிறவர் அதைப் பிரித்து எழுதினால் போதும்.

போகிற நேரமும் முக்கியம். திறந்த முதல் வாரத்துச் சனிக்கிழமை ராத்திரி வேண்டவே வேண்டாம். அடுப்பு பழகியிருக்காது, ஆட்களும் ஒருவருக்கொருவர் பழகியிருக்க மாட்டார்கள். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் மதியம் போங்கள். ஆறேழு வாரம் கழித்து இன்னொரு முறை போய் அதே ஐட்டத்தையே வாங்குங்கள். திறப்புக்காக வந்த ஆலோசகச் சமையல்காரர் போன பிறகும் ருசி அப்படியே இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். எங்கள் தொழிலில் இதை ரிக்ரெஷன் டெஸ்ட் என்போம்.

பார்சல் வாங்கிவந்து தீர்ப்பு சொல்லாதீர்கள். அட்டைப்பெட்டிக்குள் பீட்சா தன் ஆவியிலேயே வேர்த்து, இருபது நிமிஷத்தில் துவண்டுவிடும். அது அடுப்பின் குற்றமில்லை.