சக்கையல்ல, சத்து!

திருநெல்வேலி அல்வாவின் செய்முறை ஊரறிந்தது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பாலெடுப்பார்கள். அந்தப் பாலைச் சர்க்கரையோடும் நெய்யோடும் சேர்த்துப் பதம் வரும்வரை கிளறுவார்கள். பிழிந்த சக்கை மாட்டுத் தொட்டிக்குப் போகும். விருந்துக்கும் விழாவுக்குமான பண்டம் என்ற அளவில் இதில் குற்றம் காண ஏதுமில்லை. ஆனால், நம் அன்றாட உணவு முழுவதையுமே இவ்வாறு பாலை வைத்துக்கொண்டு சக்கையை எறியும் முறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டோம் என்பதுதான் கவலைக்குரியது. நாம் எறியும் அந்தச் சக்கையில் பெரும்பகுதி நார்ச்சத்து.

தாவர உணவில் நம் சிறுகுடலால் செரிக்க இயலாத பகுதியே நார்ச்சத்து. செரிக்காத பொருளால் என்ன பயன் என்று கேட்கலாம். செரிக்காமல் இருப்பதுதான் அதன் பயன். வெந்தயம், பயறு, பழங்கள் ஆகியவற்றில் உள்ள கரையும் நார், குடலில் கூழ்போலாகி, உணவிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. கெட்ட கொழுப்பைக் கட்டுப்படுத்தவும் துணைபுரிகிறது. தவிட்டிலும் தோலிலும் மிகுந்துள்ள கரையாத நார், மலச்சிக்கலைத் தவிர்க்கிறது. பெருங்குடலை அடையும் நாரின் ஒரு பகுதியை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்து, குடல் சுவரின் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன.

உலக சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்பேரில் மேற்கொள்ளப்பட்ட ஒரு தொகுப்பாய்வு 2019-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. நார்ச்சத்தைக் குறைவாக உண்பவர்களோடு ஒப்பிட்டால், மிகுதியாக உண்பவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவை 15 முதல் 30 சதவீதம்வரை குறைவாகக் காணப்படுவதாக அது தெரிவித்தது. வயது வந்தோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறி, பழங்களும் உண்ண வேண்டும் என்று 2023-இல் அந்த அமைப்பு பரிந்துரைத்தது.

நம் தட்டில் எவ்வளவு இருக்கிறது? ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் ஏறத்தாழ 2.8 கிராம் நார்ச்சத்து உள்ளது. தீட்டாத அரிசியில் 4.4 கிராம். மைதாவில் 2.8 கிராம், முழுக் கோதுமை மாவில் 11.4 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்கு மேல். தோல் நீக்கிய உளுத்தம் பருப்பில் 12 கிராம். தோலுடன் கூடிய கருப்பு உளுந்தில் 20 கிராம். நாளொன்றுக்கு 400 கிராம் தீட்டிய அரிசியை உண்பவருக்கும் அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 11 கிராம்தான். எஞ்சியதைக் காய்கறியும் பயறும்தான் தர வேண்டும். அவையோ நம் தட்டின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன.

தாமிரபரணிக் கரையில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளைந்த காலத்திலும் எல்லோரும் மூன்று வேளையும் நெல்லுச்சோறு உண்டதில்லை. கால்வாய்ப் பாசனம் எட்டாத ஊர்களில் கம்பும் சோளமும்தான் உணவு. நெல்லுச்சோறு திருநாளுக்கும் விருந்துக்கும் உரியது. எனவே, வெள்ளைச் சோறு வசதியின் அடையாளமாயிற்று. வருவாய் உயர்ந்ததும் அனைவரும் அந்த அடையாளத்தை நாடியது இயல்பே. அதே வேளையில், கரிசல் காட்டு உளுந்தைத் தோலோடு சேர்த்துப் பொங்கும் உளுந்தஞ்சோறு, தைப்பொங்கலையொட்டி வரும் சிறுகிழங்கு, தேரிக்காட்டுப் பனங்கிழங்கு ஆகியவை இவ்வட்டாரத்தின் எளிய உணவுகளாக இருந்தன. என் தாயார் உளுந்தஞ்சோற்றுக்கு ஒருபோதும் உளுந்தின் தோலை நீக்கியதில்லை. இன்று அதே சோற்றை வெள்ளை உளுந்தில் சமைக்கும் வீடுகள் உண்டு.

அரிசியை ஏன் இந்த அளவுக்குத் தீட்டுகிறார்கள்? வெண்மை மீதான மோகம் ஒரு காரணம். வணிகக் காரணம் வேறு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தீட்டாத அரிசியில் அது விரைவில் கெட்டு, சிக்கு வாடை வீசும். நெடுநாள் கிடங்கில் வைத்து விற்க, தீட்டிய அரிசியே ஏற்றது. பிரித்தெடுத்த தவிட்டை எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விற்கலாம். ஆலைக்கும் வணிகருக்கும் இது சரியான கணக்கு. உண்பவரின் உடல்நலம் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

இவ்வகைக் கணக்குப் பிழை நமக்குப் புதிதன்று. தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த மக்களை 'பெரிபெரி' நோய் வாட்டியபோது, அதை ஆராய 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்குவதால், புழுங்கலரிசி உண்டோர் அந்நோயிலிருந்து பெரிதும் தப்பினர். வைட்டமின் இழப்பு சில மாதங்களில் கண்ணுக்குத் தெரிந்தது. நார்ச்சத்து இழப்போ இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே தெரிகிறது. அதனால்தான் எவரும் அதற்காக அஞ்சவில்லை.

இப்போது அது தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். நார்ச்சத்துக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று எவரும் சொல்ல மாட்டார். உடலுழைப்பு குறைந்ததும், எடை கூடியதும், மரபும் சேர்ந்தே இயங்குகின்றன. ஆனால், நம் கைக்கு எட்டும் காரணங்களில் உணவு முதன்மையானது. நானும் அந்தக் கணக்கில் ஒருவன். மாதந்தோறும் மருந்துக்கு நான் செலவிடும் தொகை, எங்கள் வீட்டின் பயறு, பருப்புச் செலவைக் காட்டிலும் அதிகம். பொருளியல் கற்பித்தவனுக்கு இந்தக் கணக்கு காலம் கடந்தே புரிந்தது.

2022-23ஆம் ஆண்டின் தேசிய நுகர்வுச் செலவின ஆய்வு, ஊரகக் குடும்பங்களின் மொத்தச் செலவில் பானங்களுக்கும் பதப்படுத்தப்பட்ட உணவுகளுக்கும் 9.6 சதவீதம் செல்வதைக் காட்டுகிறது. காய்கறிகளுக்கு 5.4 சதவீதம்தான். ஆலையில் நீக்கப்பட்ட நார், 'நார்ச்சத்து மிக்கது' என்ற விளம்பரத்துடன் பிஸ்கட் பொட்டலமாகப் பன்மடங்கு விலையில் திரும்பி வருகிறது. நீக்குவதற்கும் கொடுக்கிறோம், திரும்பப் பெறவும் கொடுக்கிறோம், இடையில் மருத்துவத்துக்கும் கொடுக்கிறோம்.

சந்தை தானாகத் திருத்திக்கொள்ளாத பிழையை அரசுதான் திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசியைப் போக்கியதில் அதன் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. பசி தீர்ந்த பின்னர் அடுத்த படி சத்துதான். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. அதே வழியில், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளையும் கம்பையும் கருப்பு உளுந்தையும் நேரடியாகக் கொள்முதல் செய்து, தென்மாவட்ட நியாயவிலைக் கடைகளில் விரும்புவோருக்கு வழங்கலாம். விலை உறுதியானால் மானாவாரி உழவரும் அவற்றைத் தயக்கமின்றிப் பயிரிடுவார்கள். சத்துணவில் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. அவற்றின் அளவைக் கூட்டுவது எளிது.

வீட்டில் செய்ய வேண்டியது அதனினும் எளிது. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, கூட்டு, பொரியலின் அளவைக் கூட்டலாம். வாரத்தில் சில வேளை கம்பு, கேழ்வரகு, மாலையில் சுண்டல், பழச்சாறுக்குப் பதிலாகப் பழம், இட்லிக்குத் தோல் உளுந்து. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பழக்கமில்லாதவர்கள் சிறிது சிறிதாகக் கூட்டி, போதிய தண்ணீர் அருந்த வேண்டும். இல்லையெனில் வயிற்று உப்புசம் வரும். குடல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

இருட்டுக்கடை முன் வரிசையில் நிற்பதை எவரும் கைவிட வேண்டியதில்லை. அல்வா அல்வாவாகவே இருக்கட்டும். என்றேனும் ஒருநாள், கையளவு. அன்றாடச் சோறும் இட்லியும் அல்வாவாகிவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் கடமை.