புரோஸ்டேட் புற்றுநோயியலில் 'செய்தி'யும் 'எதிர்ப்பு'ம்: ஒரு சொல்லாக்கச் சிக்கல்

கோவை மாவட்டத்து ஆனைகட்டியைக் கடந்தவுடன் பாலக்காட்டு அட்டப்பாடி தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் இருளமும் அடுத்தடுத்து வழங்கும் இவ்வெல்லையில், தமிழ்ஏடுகள் 'புற்று' என்பதை மலையாள ஏடுகள் 'அர்புதம்' என்கின்றன. அச்சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே பெயர்த்தால், படிப்பவர் அதனை 'அற்புதம்' என்பதன் பிழைவடிவாகவே கொள்வர். இத்தகைய பிழை கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். உருவகத்துள் ஒளிந்திருக்கும் பிழையே மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுவது. புரோஸ்டேட் புற்றுநோயியல் இதற்குத் தக்க சான்று.

விதையில் சுரக்கும் ஆண்பால் இயக்குநீர் இச்சுரப்பியின் உயிரணுவுள் புகுந்து ஏற்பியோடு இணைகிறது. ஏற்பி உட்கருவை அடைந்து வளர்ச்சிக்குரிய மரபணுக்களைத் தூண்டுகிறது. இயக்குநீரைக் குறைத்தால் புற்று ஒடுங்கும் என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இந்நிகழ்வைத் தமிழில் 'செய்தி', 'சமிக்ஞை', 'குறிகை' எனப் பலவாறு பெயர்ப்பர். 'செய்தி' என்றால் சொல்வோன், கேட்போன், பொருள் மூன்றும் வேண்டும். மருத்துவம் பயன்தரும் வரையில் இவ்வுருவகம் ஒருவாறு பொருந்துகிறது.

நோய் முற்றும்போது அது முறிகிறது. சில அணுக்களில் ஏற்பி பல்கிப் பெருகுவதால் மிகச் சிறிதளவு இயக்குநீரே போதுமானதாகிறது. வேறு சிலவற்றில் ஏஆர்-வி7 என்னும் குறைவடிவ ஏற்பி தோன்றுகிறது. இயக்குநீர் பொருந்தும் பகுதியே இதற்கு இல்லை. ஆயினும் இது இடையறாது இயங்குகிறது. என்சாலுடமைடு என்னும் மருந்தும் அப்பகுதியிலேயே பொருந்தவேண்டியிருத்தலின் பயனற்றுப்போகிறது. சொல்வோரின்றியே 'கேட்கும்' இந்த ஏற்பிக்குச் 'செய்தி' என்னும் சொல் எவ்வாறு பொருந்தும்? தொடர்பு இல்லாமலும் செயல் நிகழலாம் என்பதற்கு இடந்தரும் 'குறிகை'யே இங்கு ஏற்புடையது.

அண்டை அணுக்களின் பங்கும் உண்டு. புற்றைச் சூழ்ந்த நார்த்திசு அணுக்கள் சுரக்கும் நியூரெகுலின் வேறொரு வழியில் வளர்ச்சியைத் தூண்டுவது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. எலும்பில் குடியேறிய புற்றணுக்கள் எலும்பாக்கும் அணுக்களைத் தூண்ட, எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் அவற்றையே மீண்டும் வளர்க்கின்றன. இத்தகைய ஊடாட்டத்திற்கு ஆங்கிலத்தார் தொலைபேசித் துறைச் சொல்லொன்றை ஆள்வர். அதனைக் 'குறுக்குப்பேச்சு' எனப் பெயர்ப்பது பெரியோர் பேச்சில் சிறுவர் தலையிடுவதையே நினைவூட்டும்! 'ஊடுதாக்கம்' சாலும்.

பெருந்தீங்கு விளைவிப்பது 'எதிர்ப்பு' என்னும் சொல்லே. 'நோய் எதிர்ப்பாற்றல்' என்பதில் அது நலந்தருவது. எனவே 'எதிர்ப்பு கூடிவிட்டது' என்று கேட்கும் நோயாளி அதனை நற்செய்தியாகக் கொள்ள இடமுண்டு. 'விதைநீக்க எதிர்ப்பு' என்னும் தொகையோ இன்னும் இடர்ப்பாடுடையது. 'இந்தி எதிர்ப்பு', 'மது எதிர்ப்பு' என்பனபோல் முதற்சொல் செயப்படுபொருளாக, விதைநீக்கத்தை யாரோ எதிர்ப்பதாகப் பொருள்படும். பெரும்பாலும் மருந்தினாலேயே இயக்குநீர் குறைக்கப்படும் இந்நாளில், அறுவையை நினைத்து அஞ்சி மருத்துவத்தையே மறுக்கவும் அத்தொகை வழிவகுக்கும். ஒப்புதல் படிவத்தில் 'இயக்குநீர் குறைந்தும் வளரும் புற்று' என எழுதலாம். தொடர் நீளுமெனினும் வளர்வது எது, குறைந்தது எது என்பதில் ஐயம் எழாது.